முறுக்கிய கை

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் தெய்வசிகாமணி. மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பின்னால் வந்தவர்கள், அவன் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கி என் மேல் எறிந்தவர்கள். அவர்களையும் நான் மறக்கவில்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறேன், ஆனால் முதல் ஆள் இவன். இப்போது என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிக்கப் பார்க்கிறான். பார்க்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிற வழியில் கை ஆடுகிறது, டீ விளிம்பில் ஏறி வழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டுகிறது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு டம்ளரைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு, சாமான்களைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நான் பார்த்தேன். சொட்டு விழுந்த இடத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகப் பரவட்டும். ஒரு காலத்தில் இந்தக் கை இரண்டே விரலில் ஸ்டியரிங்கைப் பிடித்து, மேட்டுப்பாளையத்துக்கு மேலே கல்லாற்று மலை வளைவுகளில் வண்டியைத் திருப்பும். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்த இரண்டு விரலைச் சாமி கும்பிடுகிற மாதிரி பார்த்திருக்கிறேன். இப்போது அந்த விரல்களுக்கு ஒரு டம்ளர் டீ கனக்கிறது. சிக்கந்தர் பாய் கடையில் மின்விசிறி சத்தத்தோடு சுற்றுகிறது, காற்று வரவில்லை, புது ரப்பர் வாசனையும் கிரீஸ் வாசனையும் மூக்கில் அடைக்கிறது. கோயமுத்தூரில் காரைத் தாழ்த்துகிறவர்களும், சத்தம் வைக்கிறவர்களும், பெரிய சக்கரம் போடுகிறவர்களும் வருகிற கடை இது. எல்லாரும் சின்னப் பையன்கள். இவன் வயதில் இங்கே வருகிறவன் இவன் ஒருவன்தான். என் வயதில் நான். கவுண்டர் கண்ணாடி மேல் பாய் மூன்று ஜோடி ஆர்ம் எடுத்துப் போட்டிருக்கிறார். ஆர்ம் என்றால் காரின் கை. வண்டியின் உடம்பிலிருந்து நீண்டு முன்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற இரும்பு. அந்தக் கை விட்டுவிட்டால் சக்கரம் இல்லை, சக்கரம் விட்டுவிட்டால் அப்புறம் ஸ்டியரிங்கை இரண்டு விரலில் பிடித்தால் என்ன, இருபது விரலில் பிடித்தால் என்ன.

முந்தாநாள் அவனே போன் செய்தான். “சென்னியப்பா, வண்டியத் தாழ்த்திப் போட்டேன்டா, முன் டயர் ரெண்டும் உள்பக்கமாத் தேஞ்சு நூல் தெரியுது. நீளம் கூட்டிக் கொறைக்கற ஆர்ம் போடோணும்கறாங்க. நீ வந்து பாத்துச் சொல்லு.” எத்தனை வருடமாக என்னிடம் வண்டிப் பேச்சே பேசாதவன், பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைக்காதவன், கல்யாண வீடுகளில் பார்த்தால் ‘வந்தயா’ என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறவன், நீ வந்து சொல்லு என்கிறான். ஏன் என்று கேட்டேன். “நீதானடா கல்லாத்து ரோட்டுக்கு என்ற வண்டி செஞ்சவன். அதே ரோட்டுலதான் போறேன். பழைய ஆளுக எல்லாம் கூடி ஒரு நாள் மேல போறோம். கடேசியா ஒருக்கா.” சரிங்க என்றேன். எனக்கு அவன் முகத்துக்கு நேரே ‘ங்க’ போடாமல் பேச வராது. அவன் அப்பாவின் பவுண்டரியில் என் அப்பா மண் சுமந்தவர், நானும் அங்கே கை கருகிய பிறகுதான் வண்டி வேலைக்கு வந்தேன். மனதுக்குள் மட்டும் அவன் இவன். அங்கே அவனை நான் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன், என்னென்னவோ செய்தும் இருக்கிறேன். கடைசியாக ஒருக்கா என்று அவன் சொன்னதும் எனக்குள் ஒரு சூடு ஏறியது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். பசி மாதிரி ஒன்று. என்னைக் கூப்பிட்டிருக்கிறான். அதே ரோடு. ஒருவேளை சொல்லப்போகிறானோ. சாகிற வயதில் சிலர் சொல்வார்கள். போகிறதுக்கு முன்னால் இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் எழுந்து சவரம் செய்துகொண்டு, மடக்க வராத இடது முழங்காலுக்குத் தைலம் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு, பஸ் பிடித்து வந்தேன். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் வந்தேன். ஆர்ம் எடுக்க வரவில்லை.

அந்தச் சொல் இதுதான்: ‘அன்னிக்குத் தப்பு உன்றது இல்ல சென்னியப்பா.’ இவ்வளவுதான். இதைச் சொல்ல அவனுக்குக் கை ஆடாமல் இருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பச்சைக் கலரில் ஒரு சின்னக் கார் வைத்திருந்தான், நான் பிரித்து மாட்டியது, மலைரோட்டுப் பந்தயத்துக்கென்று. மூன்றாவது வளைவில் இடது முன்சக்கரத்து ஆர்ம் விட்டுவிட்டது. சக்கரம் மடிந்து வண்டிக்கு அடியில் போனது, நாங்கள் பாறையில் போய் இடது பக்கமாக மோதினோம். இடது பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு உதட்டில் ஒரு கிழிசல். எனக்கு முழங்கால். ஆஸ்பத்திரியில் என் காலைத் தூக்கிக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தபோது வெளி வராந்தாவில் அவன் பேசுவது கேட்டது. அவன் அப்பா, பந்தயம் நடத்துகிறவர்கள், பேப்பர்காரன் ஒருவன், எல்லாரும் நின்றிருந்தார்கள். “ஆர்ம் போல்ட்ட முறுக்காம உட்டுட்டான். நான் அவனையே நம்பி ஏறுனேன்.” அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம் கொடுத்து, “பாவம், அவன ஒண்ணும் சொல்லாதீங்க” என்றான். அந்தப் பாவம் என்கிற வார்த்தைதான் எல்லாவற்றையும் பூசி மெழுகியது. கோபமாகச் சொல்லியிருந்தால் நாலு பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள். இரக்கமாகச் சொன்னதால் எல்லாரும் நம்பினார்கள். அதற்குப் பிறகு ஒருத்தனும் வேகமாகப் போகிற வண்டியை என் கையில் கொடுக்கவில்லை. லாரிப் பட்டறையில் ஸ்பிரிங் பட்டை மாற்றிக்கொண்டு நான் கிழவனானேன். முறுக்காத சென்னியப்பன். அதுதான் என் பெயர். என் மகளுக்கு ஜாதகம் கொண்டுபோன இடத்தில், “யாரு, நம்ம முறுக்காத சென்னியப்பன் ஊடுங்களா?” என்று கேட்டுவிட்டுக் காப்பி கொடுத்தார்கள். அந்தக் காப்பியை நான் குடித்தேன். அதன் இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

“இத எடுத்துப் பாருங்ணா” என்று பாய் முதல் ஜோடியை என் பக்கம் நகர்த்துகிறார். கறுப்பு, கனமான இரும்பு, இரண்டு முனையிலும் குலுக்கலைத் தின்கிற பெரிய ரப்பர் வளையம், புஷ் என்பது. வெளிமுனையில் நீள ஓட்டை போட்டு, போல்ட்டைத் தள்ளி வைக்கிற மாதிரி கொஞ்சம்தான் கூட்டிக் குறைக்க முடியும். தாழ்த்தின வண்டியில் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்துவிடும். கீழே இருக்கிற ஆர்மைக் கொஞ்சம் சுருக்கினால் சக்கரத்தின் கால் உள்ளே வந்து தலை நிமிரும். இவனுக்கு இந்தக் கொஞ்சமே போதும். இரண்டாவது ஜோடி குழாய் இரும்பு, கெட்டி பிளாஸ்டிக் புஷ், நடுவில் நீட்டிச் சுருக்க மரையும் அதைப் பூட்டுகிற லாக் நட்டும். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, என் மருமகன் மாதிரி. மூன்றாவது ஜோடி நீலம். கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற நீலக் குழாய், இரண்டு முனையிலும் ரப்பரே இல்லாத வெறும் பால் ஜாயிண்ட், இரும்புக்குள் இரும்புக் குண்டு சுழல்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம் சுருக்கலாம், கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கிறது. தெய்வசிகாமணியின் கண் அதிலேயே இருக்கிறது. கல்யாணமான புதிதில் பெண்டாட்டியைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறான். “ஏம் பாய், இது பந்தயத்துக்குப் போடறதுதான?” “ஆமாங்ணா, ரோட்டுல ஒரு கல்லு கெடந்தாலும் கைக்கு வந்துரும். பசங்க இதத்தான் கேக்கறாங்க.” “கைக்கு வரோணும் பாய். ரோடு கைக்கு வந்தாத்தான் ஓட்டறது. இல்லீன்னா சோபாவுல உக்காந்து டிவி பாக்கறதுதான?” சிரிக்கிறான். பல்செட் நகர்கிறது. ரோடு கைக்கு வந்தால் அந்தக் கை என்ன ஆகும் என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு கல்லும், ஒவ்வொரு குழியும், ரப்பர் இல்லாமல், தடுக்க ஒன்றும் இல்லாமல், இரும்பு வழியாக நேரே ஏறி அந்த ஆடுகிற மணிக்கட்டில் போய் இடிக்கும். மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் கண்ணில் தண்ணீர் வரும். பழைய ஆட்கள் எல்லாம் பின்னால் வந்துகொண்டிருப்பார்கள். ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று பொய் சொல்வான். யார் மாட்டினது என்று கேட்பார்கள். முறுக்காத சென்னியப்பன் என்பான். இல்லை, அது வேண்டாம். அந்தப் பெயர் மறுபடி வேண்டாம்.

நீல ஆர்மைக் கையில் எடுத்து உருட்டுகிறேன். என் கட்டைவிரல் நகம் தானாகவே வெல்டிங் வைத்த இடத்தைத் தேடிப் போகிறது. பழக்கம் அது, கோயிலில் கை தானாகக் கூப்புகிற மாதிரி. குழாயும் மரைத்துண்டும் சேருகிற கழுத்தில் நீலப் பெயிண்டுக்கு அடியில் நகம் ஒரு இடத்தில் சிக்குகிறது. மறுபடி ஓட்டுகிறேன். மறுபடி சிக்குகிறது. முடி அகலம் பள்ளம், கழுத்தைச் சுற்றிக் கால்வட்டம் ஓடுகிறது. வெல்டிங் வைத்தவன் சூட்டைக் கூட்டிக் குழாயைத் தின்றிருக்கிறான், மேலே பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். இன்னொன்றை எடுத்துப் பார்க்கிறேன், அது சுத்தமாக இருக்கிறது. ஒன்றுதான். டவுனுக்குள் ஓட்டினால் இது ஒன்றும் செய்யாது. அவிநாசி ரோட்டில் வருடக்கணக்கில் போகலாம். மலையில், வளைவில், பிரேக்கை மிதித்துக்கொண்டு திருப்புகிறபோது மொத்தப் பாரமும் வெளிச்சக்கரத்தில் வந்து உட்காரும், அப்போது இந்தக் கழுத்து ஒருமுறை நினைக்கும், இரண்டுமுறை நினைக்கும். பாய்க்குத் தெரியாது. அவர் பெட்டியாக வாங்கிப் பெட்டியாக விற்கிறவர். தெய்வசிகாமணிக்குத் தெரியாது. இந்தக் கடையில், இந்த மின்விசிறிக்கு அடியில், என் நகத்துக்கு மட்டும் தெரியும். நான் அதைக் கீழே வைக்கிறேன். மெதுவாக வைக்கிறேன், தூங்குகிற குழந்தையைப் போடுகிற மாதிரி. “எப்பிடீடா?” என்கிறான் அவன். “நல்லாருக்குதுங்க” என்கிறேன். நான் பொய் சொல்லவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இடது பக்கத்துக்கு இந்தப் பள்ளம் விழுந்ததை மாட்டலாம். நான் எதையும் செய்ய வேண்டியதில்லை, அதுதான் இதில் இருக்கிற அழகு. ஒன்றும் கழற்ற வேண்டாம், ஒன்றும் தளர்த்த வேண்டாம். அவன் ஆசைப்பட்டதை அவனுக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். முறுக்குவேன், நன்றாக முறுக்குவேன், கோடும் போடுவேன். அதே கல்லாறு, அதே வளைவு. ஒரு சத்தம் வரும், எனக்குத் தெரிந்த சத்தம், தேங்காய் உடைக்கிற மாதிரி, அதற்கப்புறம் ஸ்டியரிங் கையில் செத்துப்போகும். ஸ்டியரிங் சாவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், மறந்திருப்பான், ஞாபகம் வரும். பாறையா பள்ளமா என்பது வண்டியின் இஷ்டம். பள்ளமாக இருந்தால் நேரம் இருக்கும், யோசிக்க நேரம் இருக்கும், அப்போதாவது அந்த வாய் திறக்குமா. காற்றிடம் சொல்வானா. நான் அங்கே இருக்க மாட்டேனே. நான் பட்டறையில் உட்கார்ந்திருப்பேன், யாராவது வந்து சொல்வார்கள், நான் எழுந்து நிற்பேன், சாவு வீட்டில் அவன் காலடியில் நின்று முகத்தைப் பார்ப்பேன். வாயைக் கட்டியிருப்பார்கள். தாடையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் தலைக்கு மேல் முடிச்சுப் போட்டு. அந்த முடிச்சு எனக்குள் எங்கோ மாட்டிக்கொள்கிறது. அதைத் தாண்டி நினைப்பு போக மாட்டேன் என்கிறது. மறுபடி வளைவுக்குப் போகிறேன், சத்தம் வருகிறது, பள்ளம் வருகிறது, வெள்ளைத் துணி வருகிறது, நின்றுவிடுகிறது. ஏன் அங்கே நிற்கிறது. எனக்குத் தெரியும் ஏன் என்று. தெரியாத மாதிரி டீயைக் குடிக்கிறேன். ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருக்கிறது, உதட்டில் ஒட்டுகிறது.

நான் அன்றைக்கு முறுக்கினேன். முறுக்கிக் கோடு போட்டேன். அந்தக் காலத்தில் எங்களுக்குள் இருந்த வழக்கம் அது. ஒரு நட்டை முறுக்கி முடித்தால் நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் நகப்பூச்சால் ஒரு கோடு. நட்டு ஒரு பொட்டுத் தளர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். முறுக்கினவன்தான் கோடு போட வேண்டும், இன்னொருத்தன் முறுக்கினதற்கு நாம் போடக் கூடாது. ஆளுக்கு ஒரு கலர். என் கலர் சிவப்பு, வளையல் கடையில் வாங்கினது. அன்றைக்கு விடியற்காலையில் வண்டியைத் தரையில் நிறுத்தி அதன் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஆர்ம் போல்ட்டை முறுக்கினேன். தூக்கி நிறுத்தித் தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழியும், அதுவும் தெரிந்துதான் செய்தேன். படுத்துக்கொண்டே பூசினேன், பிரஷ்ஷிலிருந்து ஒரு முடி உதிர்ந்து கோட்டில் ஒட்டிக்கொண்டது, அதை எடுக்கலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன். அந்த முடி எனக்கு இப்போதும் தெரிகிறது. இடது சக்கரம். இடதுதானே. முடி ஒட்டினது இடது போல்ட்டில்தானே. முதல்நாள் வலது பக்கம் போட்டபோதா. இல்லை, இடது. வண்டிக்கு அடியிலிருந்து பார்க்கும்போது வலது இடதாகத் தெரியும், ஆனால் எனக்கு அந்தக் குழப்பம் வராது, எத்தனை வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன். இடது. முறுக்குகிறபோது பானா, ஸ்பேனரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், கடைசியில் ஒரு சின்ன முனகல் கொடுக்கும், அது தோளுக்குத் தெரியும். என் தோளுக்கு அது தெரிந்தது. தெரிந்ததா? எத்தனை ஆயிரம் முனகல் அதற்கப்புறம். லாரி நட்டு முனகினது எல்லாம் அதற்கு மேலே ஏறிப் படுத்துவிட்டது. பாவாத்தாள் ஒருநாள் கேட்டாள். என் பெண்டாட்டி, இப்போது இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, என் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, மெதுவாக, “ஒருவேள மறந்திருப்பீங்களோ?” என்றாள். அவள் எனக்குக் கெடுதல் செய்தவர்களில் இரண்டாவது ஆள். அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க அவளோடு நான் பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், சாப்பிடுவேன், தட்டைத் தள்ளுவேன். அழுதாள். அழட்டும். அவள் சாகிற வரைக்கும் அந்தக் கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எடுக்க விடவில்லை. இப்போது ராத்திரியில் அவள் குரலில் நானே என்னைக் கேட்கிறேன்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது இவன்தான். பிரித்த இவன் ஆட்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. அந்தப் போல்ட்டைப் பார்த்தவன் இந்த உலகத்தில் இவன் ஒருவன். சிவப்புக் கோடு இருந்ததா, உடைந்திருந்ததா, உடையாமல் இருந்ததா. கோடு உடையாமல் ஆர்ம் முறிந்திருந்தால் தப்பு என்னுடையது இல்லை. அப்படியானால் முந்தின சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போனானே, யாருக்கோ காட்டிவிட்டு வருகிறேன் என்று, அப்போது எங்கோ இடித்து ஆர்மைப் பழுதாக்கிவிட்டு, சொன்னால் அப்பா பந்தயத்துக்கு விட மாட்டார் என்று மூடிவைத்திருக்கிறான். கல்லாற்றுப் பாலத்து டீக்கடைக்காரர் ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னார், அன்றைக்கு முந்தின நாள் ஒரு பச்சை வண்டி வந்து கைப்பிடிச் சுவர்க் கல்லைத் தள்ளிவிட்டுப் போனது என்று. ஒரு பச்சை வண்டி. யார் ஓட்டினது, தெரியாது. என்ன வண்டி, தெரியாது. ஊரில் பச்சை வண்டியா இல்லை. அந்த ஒரு பச்சையை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டினேன். இப்போது கேட்கப்போகிறேன். கவுண்டரைப் பார்த்துக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி, “ஏனுங்க, அன்னிக்குப் பந்தயத்துக்கு முந்தின நா பொழுதோட வண்டிய எங்கீங்க கொண்டு போனீங்க?” என்கிறேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரிக் கேட்கிறது. முழங்காலில் துணிக்கு அடியில் வேர்க்கிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான். “எந்தப் பந்தயம்?” “கல்லாத்துலீங்க.” “ஓ, அதா” என்று முகம் மலர்கிறது. பாயின் பக்கம் திரும்பி உட்காருகிறான். கதை சொல்லப்போகிறான். சொல்லு. சொல்லுடா. “பாய், இவன யாருன்னு நெனச்சீங்க? என்ற கூட அந்தக் காலத்துல பந்தயத்துக்கு வந்தவன். மொத நாளே கல்லாத்துல போயி எறங்கிட்டம், சாயங்காலம் அங்கிருந்து வண்டிய எடுத்துட்டு மேட்டுப்பாளையம் போனேன், புதுசா நிச்சயமாயிருந்துது, புள்ள ஊட்டு முன்னால ஒரு ரவுண்டு அடிக்கோணுமில்ல. அப்பறம் திரும்பி வர்றப்ப பாலத்துக்கிட்ட...” நிறுத்துகிறான். வாய் திறந்தபடி இருக்கிறது. கண் எங்கோ போகிறது. பாலத்துக்கிட்ட. நான் மூச்சு விடவில்லை. மின்விசிறியும் மூச்சு விடவில்லை. “பாலத்துக்கிட்ட என்னங்க?” “பாலத்துக்கிட்ட...” நெற்றியைத் தேய்க்கிறான். “என்னமோ சொல்ல வந்தேன். என்ன பாய் சொல்லிட்டிருந்தேன்?” “பந்தயமுங்ணா.” “ஆ, பந்தயம். இவன் ஆர்ம் போல்ட்ட முறுக்காம உட்டுட்டான் பாய்! பறந்தம் பாருங்க ரெண்டு பேரும்! எங்கப்பாவே இவனப் போலீசுல குடுக்கறேன்னாரு, நான்தான் உடல. அப்பவே மன்னிச்சுட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்த கேட்டிருக்கறனா கேளுங்க. கேட்டிருக்கறனாடா?” “இல்லீங்க” என்கிறேன். பாய் என்னைப் பார்க்கிறார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். காப்பி கொடுத்தவர்கள் பார்த்த பார்வை.

மன்னித்துவிட்டானாம். என் ரத்தம் காதுக்கு வருகிறது. இவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. பொய் சொல்கிறவன் முகத்தை நான் அறிவேன், கண் ஓரத்தில் ஒரு காவல் இருக்கும். இவன் முகத்தில் காவல் இல்லை. அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி அதற்குள்ளேயே குடியேறிவிட்டான், வந்த வழியையும் அடைத்துவிட்டான். ஆனால் பாலம் இருக்கிறது. பாலத்துக்கிட்ட என்று வாயில் வந்தது, என் காதால் கேட்டேன். உள்ளே எங்கோ அந்தக் கல் கிடக்கிறது, அந்த போல்ட் கிடக்கிறது, சிவப்புக் கோடு உடைந்தோ உடையாமலோ கிடக்கிறது. இந்த நரைத்த தலைக்குள், டீயைச் சட்டையில் ஊற்றிக்கொள்கிற இந்தக் கிழவனின் தலைக்குள்தான் என் கை முறுக்கின கையா முறுக்காத கையா என்பது இருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை. என்னிடம்கூட இல்லை. “சரி பாய், நீலமே போட்டுருங்க” என்கிறான். பாய் ஒரு பழைய பேப்பரை எடுத்து விரிக்கிறார். நீலக் குழாய்கள் பேப்பர் மேல் உருள்கின்றன. வளைவு, சத்தம், பள்ளம், வெள்ளைத் துணி. வாயைக் கட்டியிருக்கிற முடிச்சு. கட்டிவிட்டால் கட்டினதுதான். யார் அவிழ்ப்பது. சாவு வீட்டில் நின்றுகொண்டு பிணத்திடம் போய்ப் பாலத்துக்கிட்ட என்ன ஆச்சுங்க என்று கேட்பேனா. இவன் செத்தால் அந்தப் பெயர் என்னோடு நிற்கும், பாவாத்தாளின் கேள்வி என்னோடு நிற்கும். இவன் சாகக் கூடாது. இவன் உதட்டில் கிழிசல்கூட விழக் கூடாது. தலையில் அடிபடக் கூடாது, ஒரு நரம்பு போகக் கூடாது. என் எதிரியைப் போல் எனக்கு வேண்டியவன் இந்த உலகத்தில் யாரும் இல்லை.

“பாய், அத வைங்க” என்கிறேன். “கறுப்ப எடுங்க, ரப்பர் புஷ்ஷு.” தெய்வசிகாமணியின் முகம் சுருங்குகிறது. “ஏன்டா? நீதான நல்லாருக்குதுன்ன?” “பாக்கறதுக்கு நல்லாருக்குதுங்க. உங்க கைக்கு ஆவாதுங்க.” “என்ற கைக்கு என்ன?” நான் அவன் சட்டையைப் பார்க்கிறேன், டீக் கறையை. பாயும் பார்க்கிறார். நான் பார்க்கவைத்தேன். அவன் கறையின் மேல் கையை வைத்து மறைக்கிறான், கை அங்கேயும் ஆடுகிறது, அதை மறைக்க இன்னொரு கையை வைக்கிறான், அதுவும் ஆடுகிறது. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. கல்லாறு வரைக்கும் போகத் தேவைப்படவில்லை. ஒரு கணம் எனக்கு நன்றாக இருக்கிறது, வெயிலில் நடந்து வந்தவனுக்கு மோர் மாதிரி இருக்கிறது. “அம்பாசிடர் ஓட்டற பெருசுகளுக்குப் போடறத எனக்குக் குடுக்கறயா?” என்கிறான், குரல் உடைந்து. “ஆமாங்க. பெருசுதானுங்களே நீங்க.” அப்புறம் நீலத்தில் பழுதானதை எடுத்து, அவன் ஆடுகிற விரலைப் பிடித்து, அந்தக் கழுத்தில் வைத்து ஓட்டுகிறேன். அவன் நகத்துக்குத் தெரியவில்லை. இன்னும் அழுத்தி ஓட்டுகிறேன், அவனுக்கு வலிக்கும் என்று தெரிந்தே. சிக்குகிறது. “இது என்னது?” “நீங்க ஆசப்பட்டதுங்க. மூணாவது வளைவுல உட்டுரும்.” பாய் பிடுங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறார், “யா அல்லா” என்று முனகிவிட்டு இரண்டையும் கவுண்டருக்கு அடியில் எறிகிறார். இரும்பு தரையில் விழுகிற சத்தம். தெய்வசிகாமணி தன் நகத்தைத் தேய்த்துப் பார்க்கிறான். நான் காத்திருக்கிறேன். உன் உயிரை இப்போது கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது சொல்லலாம். இதைவிட நல்ல இடம் வராது. பாலத்துக்கிட்ட. சொல்லு. அவன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான், என்னைப் பார்க்கிறான், மெதுவாகச் சிரிப்பு வருகிறது, அந்தப் பழைய சிரிப்பு, இரண்டு விரலில் வண்டியைத் திருப்புகிறவனின் சிரிப்பு. “பாத்தீங்களா பாய்? அன்னிக்கு இந்தக் கண்ணு இருந்திருந்தா இவன் காலு இன்னிக்கு மடங்குமில்ல.” பாய் சிரிக்கிறார். அவன் என் முதுகில் தட்டுகிறான். “போச்சாதுடா, உடு. வயசு வந்தாத்தான் சிலருக்கு வேல வருது. நீயே மாட்டிக் குடு. இந்தத் தடவ முறுக்கறதுக்கு மறந்துராத.”

தட்டின இடம் எரிகிறது. பாய் கறுப்பு ஆர்ம்களைப் பேப்பரில் சுற்றிச் சணல் கட்டுகிறார். அதை நான் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறேன், கனமாக இருக்கிறது, கனமான இரும்பு முறியாது, வளைந்தாலும் முறியாது, இவனைப் பத்திரமாக மேலே கொண்டுபோய்ப் பத்திரமாகக் கீழே கொண்டுவரும். “ரப்பர் புஷ்ஷுங்க” என்கிறேன். “வண்டி தரைல நிக்கறப்பத்தான் முறுக்கோணும். ஓட்டறவரு எடையும் உள்ள இருக்கோணும். நீங்க சீட்டுல உக்காந்திருக்கோணுமுங்க.” “உக்காந்துக்கறேன். அதுக்கென்ன.” “நேரம் ஆவுமுங்க.” “ஆவட்டும், எனக்கென்ன ஆபீசா?” அப்படியே உட்காரு. நான் பட்டறையில் வண்டிக்கு அடியில் வெட்டின குழிக்குள் இருப்பேன், உனக்கு நேர் கீழே, நீ வெளியே இறங்க முடியாது, இறங்கினால் எடை போய்விடும். நான் மெதுவாக முறுக்குவேன். இடது பக்கம் முதலில். பானா முனகும், என் தோளுக்குத் தெரியும், கீழேயிருந்து கேட்பேன், பாலத்துக்கிட்ட என்னங்க ஆச்சு என்று. நீ மறந்துவிட்டேன் என்பாய். நான் தளர்த்தி மறுபடி முறுக்குவேன். வளையல் கடைக்குப் போக வேண்டும், சிவப்பு வாங்க வேண்டும். “எப்பப் பாக்கலாம்?” என்கிறான். “நாளைக்கே வாங்க” என்கிறேன். அவன் எழுந்திருக்கப் பார்க்கிறான், ஸ்டூல் சாய்கிறது, விழப்போகிறான், நான் என் மடங்காத காலை நீட்டி ஊன்றி இரண்டு கையாலும் அவன் முழங்கையைப் பிடிக்கிறேன். கெட்டியாகப் பிடிக்கிறேன். கடை வாசலில் இரண்டு படி இருக்கிறது, பார்த்து வையுங்க என்கிறேன், விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குகிறேன். வெளியே வெயில் கண்ணைக் குத்துகிறது. “நல்லவன்டா நீ” என்கிறான் அவன். நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.